ஐம்பத்துமூன்று வாட்

மரணத்துக்குக் காரணம் ‘கவனக்குறைவான வயரிங்’ என்று உங்கள் விசாரணை அறிக்கையில் இருக்கிறது, ஐயா. அதைத் திருத்தத்தான் வந்தேன். கண்டியில் எத்தனையோ வீடுகளுக்கு வயரிங் செய்தவன் நான். தொழிற்பயிற்சி நிலையத்தில் அதே பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவன். இந்த ராஜலிங்கம் கவனமில்லாமல் ஓர் ஆணிகூட அடிக்கமாட்டான் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மனைவி இறந்த பிறகு வீட்டில் நானும் மகள் சஞ்சீவனியும்தான். அவளுக்குக் கல்யாணம் செய்துவைத்தபோது மருமகனையும் வீட்டோடு வைத்துக்கொண்டேன். திலக்ஷனைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன். குடிப்பதில்லை. என் பிரஷர் மாத்திரை முடிவதற்கு முன்னாலேயே வாங்கி வந்துவிடுவான். அவன் செய்த ஒரே பிழை நியூசிலாந்தில் வேலை எடுத்ததுதான். இருவருக்கும் விசாவும் வந்துவிட்டது.

“ரெண்டு வருஷம் போகட்டும்ப்பா, ஒங்களையும் கூப்பிட்டுக்கிறோம்” என்றாள் சஞ்சீவனி. சொல்லிக்கொண்டே ஸ்வெட்டரை மடித்துப் பெட்டியில் வைத்தாள். சிரித்த முகமாகத்தான் இருந்தாள். நான் கவலைப்படக் கூடாது என்று சிரித்தாள். பெற்ற அப்பனுக்கு அதுகூடவா தெரியாது? கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லாவிட்டால் அவள் இங்கேயே இருந்துவிடுவாள். யோசிக்க யோசிக்க எனக்கு அது நியாயமாகவே பட்டது.

குளியலறையில் இருக்கும் சுடுதண்ணீர் ஷவர் நானே சுவரில் பூட்டி வயர் இழுத்தது. அழுத்தம் இருநூற்று முப்பது வோல்ட், ஓட்டம் பதினைந்து அம்பியர். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை, பதினைந்து ஓமுக்குச் சற்று மேல். இரண்டையும் பெருக்கினால் வலு, மூவாயிரத்து நானூற்றைம்பது வாட். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் வரும் கணக்குத்தான். மனிதனுக்கும் இதே கணக்கைப் போடலாம். நனைந்த உடம்பின் தடையை ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொண்டால், ஓட்டம் கால் அம்பியருக்கும் குறைவு. வலு ஐம்பத்துமூன்று வாட். என் மேசை விளக்கில் இருப்பதே அறுபது வாட் பல்பு. ஓர் ஆளுக்கு இவ்வளவு போதும் என்று கண்டபோது எனக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

அந்த வாரம் திலக்ஷனின் பெரியப்பா அழகையா நாவலப்பிட்டியில் இறந்துபோனார். சஞ்சீவனிக்குக் காய்ச்சல். அவள் செத்த வீட்டுக்குப் போகவில்லை, குளிப்பதையும் நிறுத்தியிருந்தாள். எனக்கு வேண்டிய நாள் அதுதான். செத்த வீட்டுக்குப் போய் வருகிறவன் குளிக்காமல் இருக்கமாட்டான். மழையும் பெய்தது. நடுங்கிக்கொண்டு வருகிறவன் சுடுதண்ணீரைத்தான் தேடுவான்.

மகள் தூங்கும்போது ஷவரின் ஏர்த் வயரைக் கழற்றினேன். மின்சாரம் கசிந்தால் தானாக விழுகிற ட்ரிப் சுவிட்ச் விழாதபடி செய்தேன். இன்னுமொரு சிறிய மாற்றமும் உண்டு. அதை உங்கள் பொறியியலாளருக்குத் தனியாகக் காட்டுகிறேன். பிறகு மகளை எழுப்பிக் கஞ்சி கொடுத்தேன். குளிக்க வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். சரியென்று தலையாட்டினாள். அதன்பிறகுதான் சந்தைக்குப் போனேன். இதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது?

மரக்கறிக் கடையில் நிற்கும்போது கைபேசி அடித்தது. மகளாக இருக்கும் என்று எடுத்தால், திரையில் திலக்ஷனின் பெயர் இருந்தது.

“மாமா, ஒடனே வாங்க. சஞ்சீ குளிக்கப் போனா. கதவ ஒடச்சிட்டேன். பேசமாட்டேங்கிறா.”

அவன் அழுது அழுது சொன்னதில்தான் மிச்சம் விளங்கியது. செத்த வீட்டிலிருந்து வந்தவன் வீட்டுக்குள் வரவேயில்லை. வாசல் பைப்பிலேயே பச்சைத்தண்ணீரைத் தலைக்கு ஊற்றிக்கொண்டான். நம்முடைய ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். நானும் அப்படித்தான் செய்து வந்திருக்கிறேன். கணக்குப் போடும்போது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை. அவன் அவிழ்த்துப் போட்ட ஈர வேட்டியையும் சட்டையையும் சஞ்சீவனி எடுத்து வாளியில் நனைத்திருக்கிறாள். செத்த வீட்டுத் துணியைத் தொட்டவள் குளிக்க வேண்டும் அல்லவா? காய்ச்சலோடு பச்சைத்தண்ணீர் வேண்டாம், சுடுதண்ணீரில் குளி என்று சொன்னவன் திலக்ஷன். நான் வேண்டாம் என்று சொன்னேன், அவன் குளி என்று சொன்னான். இதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

காய்ச்சலில் வேர்த்த உடம்பு. தடை இன்னும் குறைவாக இருந்திருக்கும். அதிக நேரம் பிடித்திருக்காது. அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இப்போது வீட்டில் செய்வதற்கு வேறு வேலை இல்லை. எனக்கு இனி எதுவுமே இல்லை, ஐயா.

விசாரணை முடியும்வரை எரிக்கக் கூடாது, புதைக்கத்தான் வேண்டும் என்றார்கள். அது ஒரு பெரிய உபகாரம். திலக்ஷன் போன மாதம் தனியாகப் போனான். புறப்படும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். மேசையில் மாத்திரை வாங்கி வைத்திருந்தான். சஞ்சீவனி போகவில்லை. மயானம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். பின்னேரங்களில் போய் அவளோடு உட்கார்ந்துவிட்டு வருகிறேன். அப்பாவை விட்டுப் போக அவளுக்கு மனமே இருக்கவில்லை. அதையும் அறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள்.