ஒரு வார்த்தை கேட்டா என்ன?

...அதெப்படி சார் எடுத்துக்கலாம்? ஒருத்தன் வேணாம்னு சொல்லலைன்னா, சரின்னு சொல்லிட்டான்னு அர்த்தமா? கொஞ்சம் தலையச் சாய்ங்க... ஆங், அப்படித்தான். புதுச் சட்டம் வரப்போவுதாம் சார். ஆள் செத்துட்டா கிட்னி, ஈரல், கண்ணு, எல்லாத்தையும் எடுத்துக்குவாங்களாம். இஷ்டம் இல்லாதவன் உயிரோட இருக்கறப்பவே ஆபீஸ் தேடிப் போய் ‘எனக்கு வேணாம்’னு சொல்லிட்டு வரணுமாம். நல்லா இருக்கே கதை! என் வீட்டு பீரோவைத் தூக்கிட்டுப் போயிட்டு, ‘நீ வேணாம்னு சொல்லலையே’ன்னா விட்டுருவேனா?

நீங்க என்ன சார் நினைக்கறீங்க? ...ஐயையோ, வாயைத் திறக்காதீங்க, நுரை உள்ள போயிடும்! நீங்க சும்மா சாஞ்சுக்குங்க. பேசறதை நான் பாத்துக்கறேன்.

நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்ல சார். என் மச்சான், வீட்டுக்காரியோட தம்பி, அவனுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரில மெஷினோட கட்டிப்போட்டாப்ல கெடக்கறான். என்னா ஆளு தெரியுமா? சீட்டாட உக்காந்தா நம்ம கண்ணு முன்னாடியே சீட்டை மாத்துவான், கண்டுபிடிக்க முடியாது. இப்ப தண்ணியக்கூட டாக்டர் சொன்ன அளவுக்கு பாட்டில் மூடில ஊத்திக் குடிக்கறான். வீட்டுல யாரோடதும் பொருந்தல, வேற யாராவது செத்துப்போனாத்தான் அவனுக்கு ஒண்ணு கெடைக்கும். அதை எப்படிங்க வேண்டிக்கறது? வேண்டிக்காமத்தான் எப்படி இருக்கறதுன்னு வீட்டுக்காரி அழுவுறா.

என்ன கையத் தூக்கறீங்க? ஃபேன் கூட்டணுமா? இந்தா கூட்டிட்டேன். ஆடாம இருங்க, கத்தி சார், கத்தி!

அதான், காலைல வீட்டுக்காரியோட சண்டை. ‘சட்டம் வந்ததும் நான் ஆபீஸுக்குப் போய் வேணாம்னு சொல்லிட்டு வரப்போறேன்’னேன். புடிச்சா பாருங்க ஒரு புடி! ‘செத்தவன் எந்தக் கண்ணாடில பாக்கப்போறான், என்ன இருக்கு என்ன இல்லன்னு?’ங்கறா. ‘அது இல்லடீ, மரியாதைக்கு ஒரு வார்த்தை கேக்கணுமா இல்லியா?’ன்னேன். சட்டுனு கரண்டியக் கீழ வெச்சுட்டு, ‘சரி, நான் கேக்கறேன். குடுப்பீங்களா, மாட்டீங்களா?’ன்னா.

நான் என்ன சொன்னேனா? ...சட்டையை மாட்டிக்கிட்டு கடைக்கு வந்துட்டேன். பின்ன? திடீர்னு கேட்டா? அது என்ன உப்பா, பக்கத்து வீட்டுக்காரி கிண்ணத்தை நீட்டினதும் அள்ளிப் போட? என் உடம்பு சார், இத்தனை நாளா என்கூடவே இருந்துருக்கு...

மறுபடியும் ஏன் கையக் கால ஆட்டறீங்க? முடிஞ்சுது, முடிஞ்சுது. முகத்தைத் தொடைச்சிடறேன். இந்தா, பாருங்க! பத்து வயசு கொறைஞ்சிருச்சு!

...என்ன சார், அப்படியே ஒறஞ்சு போயிட்டீங்க? மீசையா? எடுத்துட்டேனே. இந்த வெயிலுக்கு எதுக்குன்னு... நீங்க வேணாம்னு ஒண்ணும் சொல்லலையே, அதனால நானும்...

...

ஐயோ. அப்படிப் பாக்காதீங்க சார். கேட்டிருக்கணும். ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். வாயைத் திறக்காதீங்கன்னு சொன்னவனும் நாந்தான். வளந்துரும் சார், ஒரே மாசம்! அதுவரைக்கும் வீட்ல... காசு வேணாம், எடுத்து உள்ள வைங்க! சார், துண்டு... துண்டை அவுத்துக் குடுத்துட்டுப் போங்க! சார்! கோவமா, இல்லியா, எதுவா இருந்தாலும் வாயத் திறந்து சொல்லிட்டுப் போங்க! பேசாம போனா நான் என்னன்னு எடுத்துக்கறது?

...போயிட்டாரு. துண்டோட போயிட்டாரு.

பேசாமப் போறவன் பின்னாடி நிக்கறது இவ்ளோ கஷ்டமா இருக்கே! பாவம், வீட்டுக்காரியும் காலைல இப்படித்தான் அடுப்படில நின்னிருப்பா.

ஹலோ... நாந்தான். இரு, இரு, ஃபோனை வெச்சுடாதன்னு சொல்றேன். காலைல நீ ஒண்ணு கேட்டியே... ஆமா, அதான். இல்ல, குடிக்கல. கடைலதான் இருக்கேன். குடுக்கறேன்டீ. சட்டம் ஒண்ணும் எடுத்துக்க வேணாம், நானே என் வாயால சொல்றேன், குடுக்கறேன். எல்லாத்தையும். ...ஏய், அழுவாத. ...என்னது, மீசையையும் சேத்தா? அதை எவன்டீ கேட்டான்!