பேட்டரிக்கு வெச்ச சந்தனம்

— ஹாரன அமுக்கிப் பாருங்கண்ணா.

— அமுக்கீட்டுத்தானுங்க அம்மணி இருக்கறேன். சத்தமே வல்லீங்க.

— ஹெட்லைட்டு? வைப்பரு?

— ஒண்ணுமில்லீங்க. சாவியத் திருகுனா 'டிக்'குனு கூடச் சொல்ல மாட்டீங்குது. அந்த ஸ்பீடு பிரேக்கர்ல ஒரு குலுக்கு குலுக்குச்சு பாருங்க, அதோட அடங்கிருச்சு. கெரகம் புடிச்ச அம்பாசிடரு. இருபது வருசத்து வண்டியுங்க.

— மணி என்னங்கண்ணா?

— ரெண்டேகாலுங்க.

— மூணு மணிக்கு மேல யூனியன் ஆபீசுல மனு வாங்க மாட்டாங்க. இன்னைக்குத்தான் கடேசி நாளு. அவிநாசி இன்னும் எத்தனை தூரம்?

— ஆறு மைலு இருக்குமுங்க. பஸ்ஸு இனி மூணரைக்குத்தான். உடுங்க அம்மணி, அடுத்த எலக்சன்ல பாத்துக்கலாமுங்க.

— மயிலண்ணா, நம்மூருப் பஞ்சாயத்துத் தலைவர் சீட்டப் பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கறது இதான் மொதத் தடவை. நீங்க காரோட்டற பெரியூட்டு மருமகளும் இந்தப் பழனியாத்தாளும் ரெண்டே பேருதான் நிக்கறோம். நான் போய்ச் சேரலீனா போட்டியே இல்லாம அவுங்க செயிச்சுருவாங்க. பானெட்டத் தொறங்க.

— காரப் பத்தி உங்களுக்கு என்னங்க தெரியும்?

— காரு தெரியாது. பதினோரு வருசமாக் கோயமுத்தூரு பட்டறையில மோட்டாருக்குக் காயில் கட்டறேன், கரண்டு தெரியும்.

— பீசு போயிருக்குமோங்க?

— ஒரு பீசு போனா ஒரு பக்கந்தான் சாகும். எல்லாம் ஒண்ணா செத்துருச்சுன்னா கோளாறு மூலத்துலதான் இருக்கோணும். பின்னாடி லைட்டுல பல்ப ஒண்ணக் கழட்டிக் குடுங்க. காயில் கம்பியும் உப்புத்தாளும் என்ற பையிலயே கெடக்குது.

— இந்தாங்க பல்பு. கம்பிய எதுக்குங்க அந்தத் தேய் தேய்க்கறீங்க?

— மேல வார்னிஷ் பூசியிருக்குது, அத எடுக்காட்டிக் கரண்டு பாயாது. ஆச்சு. இப்பப் பேட்டரிக் குமிழு ரெண்டுலயும் கம்பிய வெக்கறேன், பல்பப் பாருங்க.

— எரியுதுங்களே.

— அப்பப் பேட்டரிக்கு உசுரு இருக்குது. குமிழ உட்டுப்போட்டு, அதக் கவ்வியிருக்கற கிளாம்பு மேல வெக்கறேன். இப்ப?

— எரியலீங்க.

— புடிச்சாச்சு. குமிழு வரைக்கும் வர்ற கரண்டு, கிளாம்புக்குத் தாண்ட மாட்டீங்குது. நடுவால என்னமோ உக்காந்துட்டிருக்குது. ஸ்பேனர எடுங்க.

— அது வந்துங்க... அதக் கழட்ட வேண்டாமுங்க அம்மணி.

— ஏனுங்க? உங்களுக்கு எதுக்கு இப்படி வேர்க்குது? குடுங்க இப்படி. இதென்னங்கண்ணா, குமிழச் சுத்தி மஞ்சமஞ்சேல்னு?

— சந்தனமுங்க.

— பேட்டரிக் குமிழுக்கா?

— எப்பவும் மேலாப்புல ஒரு பொட்டு வெக்கறதோட செரிங்க. இன்னைக்குத்தான் கிளாம்பக் கழட்டி, குமிழச் சுத்தியும் அப்பி, அதும் மேலயே மாட்டிப் போட்டனுங்க.

— காஞ்சு கல்லாட்டம் இறுகிக் கெடக்குது. குலுக்குன குலுக்குல கிளாம்பு இதும் மேல ஏறிக்கிச்சு. இன்னைக்கு மட்டும் உங்களுக்கு எங்கிருந்துங்கண்ணா இத்தனை பக்தி?

— சொன்னாக் கோவிச்சுக்குவீங்க.

— சொல்லாட்டித்தான் கோவிச்சுக்குவேன்.

— பெரியூட்டுக்காரரு பெரிய மனசு பண்ணிக் காரு குடுத்தாருன்னு நெனைச்சீங்களா? பஸ்ஸுல போனா நேரத்துக்குப் போயிருவீங்கன்னுதானுங்க. "அவிநாசிக்கு முன்னாலயே ரிப்பேருன்னு நிறுத்திப் போடு, மூணு மணி தாண்டுன பொறவு கூட்டிட்டுப் போ"ன்னாருங்க. பண்ணப் போறது பாவமாச்சே, சாமி மன்னிச்சுக்கோணுமேன்னு ரெண்டு பங்கு சந்தனம் வெச்சனுங்க. நான் நிறுத்தறதுக்கு முந்தி அதுவே நிறுத்திப் போடுச்சு.

— எனக்கு வர்ற கோவத்துக்கு உங்கள இங்கயே உட்டுப்போட்டுப் போயிருவேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாததுனால தப்பிச்சீங்க. இந்தாங்க, பாதி உப்புத்தாளு. நான் குமிழு, நீங்க கிளாம்பு. உள்ளார ஈயம் பளபளன்னு தெரியற வரைக்கும் தேயுங்க.

— அம்மணி, நான் என்ன பண்ணட்டுமுங்க, அவுங்க சோத்தத் திங்கறவன்...

— கம்முனு தேயுங்க. மணி ரெண்டரை ஆகப் போகுது.

— தேச்சாச்சுங்க.

— மாட்டி நல்லா இறுக்குங்க. இப்ப சாவியத் திருகுங்க.

— அட, புடிச்சுக்கிச்சுங்க அம்மணி. ஹாரனக் கேளுங்க, எப்படிக் கத்துதுன்னு. பத்து வருசமா இத நான் ஓட்டறேன், காலு மணி நேரத்துல எழுப்பி உக்கார வெச்சுட்டீங்களே.

— மெச்சுனது போதும். என்னையக் கொண்டுபோய் உடறீங்களா, இல்ல இன்னொரு மரத்தடியில நிறுத்தறீங்களா? இப்பவே சொல்லிப்போடுங்க.

— கதவச் சாத்துங்க. கெட்டியாப் புடிச்சுக்குங்க.

— பாத்துங்கண்ணா, முன்னால மாட்டு வண்டி.

— அவன் ஒதுங்கிக்குவானுங்க. இத்தனை வெசையா இந்த வண்டிய நானே ஓட்டுனதில்லீங்க. இதா, யூனியன் ஆபீசு வந்துருச்சு. மணி ரெண்டு அம்பது. எறங்கி ஓடுங்க, நான் வண்டிய ஓரங்கட்டிப் போட்டுப் பொறத்தாலயே வாரேன்.

— சார், தலைவர் பதவிக்கு மனு குடுக்கோணுங்க.

— உட்காருங்கம்மா. கையெல்லாம் என்னம்மா ஒரே கரி? பரவாயில்ல, இங்க கையெழுத்துப் போடுங்க. சரி. உங்களை முன்மொழியறவர் எங்கே?

— செங்கோடண்ணன் முன்னாலயே வந்து நிக்கறேன்னாருங்க. வல்லீங்களா?

— அப்படி யாரும் வரலையே. உங்க ஊர் வாக்காளர் ஒருத்தர் முன்மொழிஞ்சு கையெழுத்துப் போட்டாத்தான் இந்த மனு செல்லும். இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு, பாருங்க.

— செங்கோடன் வர மாட்டானுங்க அம்மணி. தேங்கா எறக்கோணும்னு காத்தாலயே பெரியூட்டுத் தோப்புக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.

— நீங்க யாருங்க? அந்தப் பெரிய வீட்டுக் கார் டிரைவர்தானே?

— ஆமாங்க, மயில்சாமிங்க. எனக்கும் அந்தூர்லதானுங்க ஓட்டு. இந்தம்மணிய நான் முன்மொழியறனுங்க. வெளிய நிக்கற காரு அவுங்குளுதுங்க, கையெழுத்து என்னுதுங்க.