வியாழக்கிழமை அப்டேட்

வச்சலா: ...அதெல்லாம் முடியாது. என் மிஷின்ல கைய வெக்காத.

ஆனந்தன்: மொதல்ல உக்காரட்டுமா வச்சலா? சிங்கப்பெருமாள் கோயில்லேர்ந்து பைக்குல வரேன்.

வச்சலா: உக்காரு. யாரு வேணான்னது? மவுஸ மட்டும் தொடாத.

ஆனந்தன்: குடிக்க தண்ணியாவது...

வச்சலா: அந்த பாட்டில்ல கீது. இன்னிக்கு செவ்வாக்கெழம. உன் ஃபோன் வியாழக்கெழம தானே வரும்? ஃபோனும் இல்லாம ஆளா வந்து நின்னா எனக்கு பயமா இருக்காதா? மூணு வருசத்துல நீ இந்த முட்டுக்காட்டுக்கு வர்றது நாலாவது தபா.

ஆனந்தன்: அஞ்சாவது. ஒரு தபா நீ இல்ல. கல்யாணத்துக்கு போயிருந்த.

வச்சலா: சரி, அஞ்சு. இப்ப இன்னாத்துக்கு மாத்தணும்னு சொல்லு.

ஆனந்தன்: ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. இருவத்திரண்டு குப்பத்துலயும் அலை, காத்து பாக்கற கம்ப்யூட்டரு கீது இல்ல? எல்லாம் ஸ்டேபிள்ல தான் இருக்கணுமாம். உன்னுது ஒண்ணு மட்டும் தான் அன்ஸ்டேபிள்ல கீது.

வச்சலா: இருந்துட்டு போவட்டுமே. நான் டெஸ்ட்டு பாத்ததுல யாராவது குறை சொன்னாங்களா?

ஆனந்தன்: யாரு சொல்லுவாங்க? காத்து வேகத்துல புள்ளி காணாம போனத நீ தானே புடிச்ச.

வச்சலா: பன்னண்டு புள்ளி அஞ்சு, நூத்தி இருவத்தஞ்சுன்னு வந்துது. அத அப்டியே குப்பத்து போர்டுல எழுதியிருந்தா அன்னிக்கு ஒருத்தனும் கடலுக்கு போயிருக்க மாட்டான்.

ஆனந்தன்: அதான். அதனால தான் உன் கிட்ட...

வச்சலா: என் கிட்ட இன்னா?

ஆனந்தன்: ஒண்ணுமில்ல. இனிமே டெஸ்ட்டெல்லாம் செங்கல்பட்டு ஆபீஸ்லயே பாத்துப்பாங்க.

வச்சலா: ஏசி ரூம்ல ஒக்காந்துகினு பாத்தா ஆச்சா? இங்க கரண்டு நாலு தபா போவுது. உப்புக் காத்துல கீபோர்டு ஒட்டிக்குது. போன வாரம் கூட சொன்னேனே, புது அப்டேட் வந்ததுலேர்ந்து பிரிண்டரு ஓடலன்னு.

ஆனந்தன்: சொன்ன.

வச்சலா: அதுக்கு முந்தன வாரம் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வந்துது.

ஆனந்தன்: அதுவும் சொன்ன.

வச்சலா: நீ தான் முக்கா மணி நேரம் ஃபோன்லயே இருந்து சரி பண்ண.

ஆனந்தன்: நாப்பத்தெட்டு நிமிசம்.

வச்சலா: ...எண்ணிகினு இருந்தியா?

ஆனந்தன்: ஃபோன்லயே காட்டுது. நான் எங்க எண்ணறது?

காத்தவராயன்: அம்மாடி, வெளிய யாரு பைக்கு அது? அட, கம்ப்யூட்டர் தம்பியா! வாங்க, வாங்க. நாஸ்தா ஆச்சா?

ஆனந்தன்: ஆச்சு பெரியவரே.

வச்சலா: சார் ஆபீஸ் வேலையா வந்துகீறாரு நைனா. நீ வூட்டுக்கு போ, நான் வரேன்.

காத்தவராயன்: போறேன், போறேன். எதுக்கு தொரத்தற? காலைல நீ குடுத்த தாளு இது. அலை ஒண்ணே காலா, ஒண்ணே முக்காலா? கண்ணாடிய வூட்லயே வெச்சிட்டேன்.

வச்சலா: ஒண்ணே முக்கா மீட்டரு. சாயங்காலம் வரைக்கும் படக எடுக்காத.

ஆனந்தன்: குடுங்க பாப்போம். இது... பிரிண்ட் எடுத்த தாளா?

காத்தவராயன்: ஆமா தம்பி. தினம் ஒண்ணு எடுத்து குடுத்துடும் எம்பொண்ணு. மழையோ வெயிலோ, ஒரு நாளு பேஜாரு பண்ணதில்ல அந்த பிரிண்டரு.

ஆனந்தன்: ஒரு நாளு கூடவா?

வச்சலா: நைனா! இன்னிக்கு காலைல தான் சார் சரியாச்சு. அதுவா சரியாயிடுச்சு.

காத்தவராயன்: எனக்கு இன்னா தெரியும்? ஆமா, இன்னாத்த மாத்தறீங்க தம்பி? வாசல்ல வரும்போதே கத்திகினு இருந்தா.

ஆனந்தன்: இதுல ஓடறது லினக்ஸுன்னு ஒரு சாஃப்ட்வேரு பெரியவரே. அதுக்கு அடிக்கடி புதுசா எதாவது செஞ்சி அனுப்புவோம். அது ரெண்டு வழியில வரும். அன்ஸ்டேபிள் வழியில சுடச்சுட வந்துடும். நடுவுல நின்னு போவும், தப்பு தப்பா காட்டும். உங்க பொண்ணு அத ஓட்டிப் பாத்து, பதினஞ்சு நாளு ஒண்ணும் ஆவலன்னு சொன்னா, அப்பறம் தான் மத்த குப்பத்துக்கு ஸ்டேபிள் வழியில போவும்.

காத்தவராயன்: அட, குழம்பு கொதிக்கறப்ப ஒரு சொட்டு கையில வுட்டு உப்பு பாக்கற மாதிரி.

ஆனந்தன்: அதே தான்.

காத்தவராயன்: கஷ்டமான வேலையா தம்பி? வியாழக்கெழம ஆனா இவ சோறு கூட துன்ன மாட்டா. ஃபோன மடியில வெச்சிகினு இங்கயே ஒக்காந்துகினு இருப்பா.

வச்சலா: நைனா, நீ கெளம்பறியா இல்லியா?

ஆனந்தன்: ...கஷ்டமான வேல தான் பெரியவரே.

காத்தவராயன்: அப்ப நீங்க தான் கொஞ்சம் பாத்து சொல்லி குடுக்கணும். சரி, நான் வலைய பாக்கறேன். தம்பிக்கு டீ வாங்கி குடு வச்சலா.

வச்சலா: ...போயிட்டாரா?

ஆனந்தன்: போயிட்டாரு.

வச்சலா: சிரிக்காத.

ஆனந்தன்: நான் எங்க சிரிச்சேன்?

வச்சலா: கண்ணு சிரிக்குது. அந்த பிரிண்டரு ஒரு நேரம் ஓடும், ஒரு நேரம் நிக்கும். அவருக்கு இன்னா தெரியும்?

ஆனந்தன்: சரி.

வச்சலா: நீ நம்பல.

ஆனந்தன்: நம்பறேன், விடு. வச்சலா... நான் சனிக்கெழம ஓசூர் போறேன்.

வச்சலா: போயிட்டு எப்ப வருவ?

ஆனந்தன்: வேலைக்கு போறேன். அங்கயே இருக்கணும். இந்த ஆபீஸ்ல வேலைய வுடறேன்னு எழுதி குடுத்துட்டேன்.

வச்சலா: அப்ப... வியாழக்கெழம?

ஆனந்தன்: ஹேமந்த்துன்னு புதுசா ஒரு ஆளு வராரு. அவரு பாத்துப்பாரு.

வச்சலா: அவரும் ஃபோன் பண்ணுவாரா?

ஆனந்தன்: இன்னாத்துக்கு பண்ணுவாரு? ஸ்டேபிள்ல ஓடற மிஷினுக்கு யாரும் ஃபோன் பண்ணி கேக்க மாட்டாங்க.

வச்சலா: அதுக்கு தானே மாத்தாதன்னு கெஞ்சறேன்? ஒடஞ்சா ஒடஞ்சிட்டு போவட்டும். ஓசூர்லேர்ந்து ஒரு ஃபோன் போட்டு கேக்க முடியாதா?

ஆனந்தன்: அந்த கம்பெனியில ஒக்காந்துகினு முட்டுக்காட்டு பிரிண்டரு எப்டி கீதுன்னு எந்த மொகத்தோட கேப்பேன்?

வச்சலா: எனக்கு வாரம் பூரா அந்த ஒரு நாளுக்கு தான் ஓடுது. போர்டுல அலை எழுதும்போது, காத்து எழுதும்போது, வியாழக்கெழம ஆனந்தன் கேட்டா இன்னா சொல்லலாம்னு தான் யோசிச்சிகினு இருப்பேன். அதுவும் இல்லன்னா இந்த நாலு சுவத்துல நான் இன்னா பண்ணுவேன்?

ஆனந்தன்: எனக்கு மட்டும் வேற மாதிரின்னு நெனச்சியா? புதன்கெழமயே ஃபோனுக்கு சார்ஜ் போட்டு வெச்சிடுவேன். நடுவுல கட்டாயிட கூடாதுன்னு.

வச்சலா: பின்ன எதுக்கு போற?

ஆனந்தன்: இருந்து இன்னா பண்றது? நீ எரர் சொல்ற, நான் சரி பண்றேன். மூணு வருசத்துல அதுக்கு மேல ஒரு வார்த்த வந்துதா? வூட்ல பொண்ணு பாத்துகினு கீறாங்க. பொங்கலுக்கு முன்ன ஒரு தபா பேச ஆரம்பிச்சேன். நீ இன்னா சொன்ன?

வச்சலா: ...இன்னா சொன்னேன்?

ஆனந்தன்: ஸ்பீக்கரு கரகரங்குதுன்ன.

வச்சலா: பக்கத்துல நைனா இருந்தாரு. நான் இன்னா பண்ண?

ஆனந்தன்: நான் எப்டி கண்டேன்? ஒரு நாளு பூரா ஸ்பீக்கருக்கு வழி தேடிகினு இருந்தேன்.

வச்சலா: பாவம்.

ஆனந்தன்: ஒண்ணு ஒத்துக்கறேன். திட்டாம கேளு.

வச்சலா: சொல்லு.

ஆனந்தன்: இங்க மாத்தறதுக்கு ஒண்ணும் கெடையாது. அன்ஸ்டேபிள மார்ச் மாசமே மூடிட்டாங்க. ஆபீஸ்லேர்ந்தே அன்னிக்கே உன்னுத ஸ்டேபிளுக்கு மாத்திட்டேன். ஆறு மாசமா டெஸ்ட்டுக்குன்னு ஒண்ணும் உனக்கு அனுப்பல. அனுப்பாத அப்டேட்ட வந்துச்சா, வந்துச்சான்னு வாரா வாரம் கேட்டுகினு இருந்தேன். நீயும் வந்துச்சு, அது ஓடல, இது ஓடலன்ன. நானும் சரி பண்றேன்னேன். இன்னிக்கு மிஷின பாக்க வரல வச்சலா. போறதுக்கு முன்ன உன்ன ஒரு தபா பாக்கணும்னு வந்தேன். கோவமா?

வச்சலா: அப்டேட் எந்த வழியில வருதுன்னு எந்த ஃபைல்ல பாக்கறதுன்னு நீ தானே சொல்லி குடுத்த? ஏப்ரல் மொத வாரமே தொறந்து பாத்துட்டேன், ஸ்டேபிள்னு போட்டிருந்துது. இனிமே உன் ஃபோன் வராதுன்னு அன்னிக்கு பூரா அழுதேன். வியாழக்கெழம கரெக்டா ஃபோன் அடிச்சிது... புது அப்டேட் வந்துச்சா வச்சலான்னு கேட்ட. நான் வேற இன்னா சொல்லுவேன்? வந்துச்சு, பிரிண்டரு நின்னு போச்சுன்னு சொன்னேன்.