ஞாயிற்றுக்கிழமை நின்ற இரண்டு மெஷின்கள்

குப்பன்: சிதம்பரத்துலேருந்து கடலூர் வரைக்கும் பஸ் புடிச்சி வந்துட்டு, வார்டு வாசல்லயே நிக்கிறியே மோனி?

மோனிகா: அன்பரசு அண்ணன் முழிச்சிருக்காரா மாமா?

குப்பன்: முழிச்சிதான் கெடக்கான். கால்ல கம்பி வச்சிருக்காங்க. இனிமே படகு ஏற முடியாதாம்... வா, ஒன்னப் பாத்தா சிரிப்பான். ‘நம்ம இன்ஜினியர் பொண்ணு’ம்பான்.

மோனிகா: அதனாலதான் உள்ள வரல.

குப்பன்: அட, போன் டவர் வேல செய்யாம மெசேஜ் வரலன்னா நீ என்ன பண்ணுவ?

மோனிகா: டவருக்கு ஒண்ணும் ஆவல மாமா.

குப்பன்: ஊரே அப்புடித்தான...

மோனிகா: நான் சொன்னதத்தான் ஊர் சொல்லுது. நான் சொன்னது பொய்.

குப்பன்: இந்த பெஞ்சில ஒக்காரு.

மோனிகா: காத்து எச்சரிக்கை வந்தா கடலுக்குப் போற ஒங்க எல்லார் போனுக்கும் ஒடனே மெசேஜ் போவணும். அந்த வேலைய ஆபீஸ்ல எங்கிட்டதான் குடுத்தாங்க. அதுக்கு கிளவுடுல ரெண்டு மெஷின் போட்டேன்.

குப்பன்: அந்த மெஷினு சிதம்பரத்துலயா இருக்கு?

மோனிகா: இல்ல மாமா. எங்கியோ பெரிய பெரிய கம்ப்யூட்டர் இருக்கும். அதுல நமக்குன்னு ஒரு பங்கு பிரிச்சித் தருவாங்க. கையால தொட முடியாது. எப்ப ஓடணும், எப்ப நிக்கணும்னு இங்கேருந்து சொன்னா போதும், கேக்கும்.

குப்பன்: சொன்ன பேச்சக் கேக்குமா! ஒங்க அத்தைக்கு நேர் எதிரு.

மோனிகா: சிரிக்க வைக்காதீங்க மாமா...

குப்பன்: சரி, சொல்லு.

மோனிகா: டெஸ்ட் பண்றப்ப, லீவு நாள்ல காசு வீணாவக் கூடாதுன்னு மொத மெஷினுக்கு, சனிக்கெழம சாயந்தரம் நில்லு, திங்கக்கெழம காலைல ஒம்போதுக்கு ஓடுன்னு சொல்லிவச்சேன். அப்புறம் அத மாத்த மறந்துட்டேன்.

குப்பன்: ரெண்டாவது மெஷினு இருக்குல்ல?

மோனிகா: மொத மெஷின அப்புடியே காப்பி எடுத்துதான் அதப் போட்டேன். ஒண்ணு நின்னா இன்னொண்ணு பாத்துக்கும்னு பெருமையா பிளான் போட்டேன்... ரெண்டும் ஒண்ணாவே நின்னுடுச்சி. எச்சரிக்கை ஞாயித்துக்கெழம மத்தியானமே வந்திருக்கு.

குப்பன்: நாங்க திங்கக்கெழம விடியக்கால கடலுக்குப் போனோம்.

மோனிகா: ஒம்போது மணிக்கு எல்லார் போனுக்கும் மெசேஜ் போச்சு. அப்ப நீங்க...

குப்பன்: கவுந்த படகப் புடிச்சிக்கிட்டு தொங்குனோம்.

மோனிகா: ஆபீஸ்ல கேட்டப்ப டவர்னு சொன்னேன். ஊர்லயும் வாய் கூசாம அதையே சொன்னேன். இன்னிக்கிக் காலைலதான் ஆபீஸ்ல உண்மைய எழுதிக் குடுத்தேன் மாமா. அன்பரசு அண்ணங்கிட்டயும் சொல்லணும். கூட வரீங்களா?

குப்பன்: வேணாம்.

மோனிகா: அவரு என்னத் திட்டட்டும். அதுக்குத்தான வந்தேன்.

குப்பன்: அவன் ஒன்னத் திட்டமாட்டான்.

மோனிகா: ஏன் மாமா? ... எம் மூஞ்சப் பாத்து சொல்லுங்க.

குப்பன்: ஞாயித்துக்கெழம சாயந்தரமே அவன் டிவில பாத்துட்டான், மோனி. ‘காத்து வருதாம், வேணாண்ணே’ன்னு என் கையப் புடிச்சான். ‘எம் மருமவ அனுப்புற மெசேஜே வரல, ஒனக்கு என்னடா பயம்’னு நாந்தான் இழுத்துக்கிட்டுப் போனேன். பத்து நாளா அவனும் யாருகிட்டயும் சொல்லல... நானும் சொல்லல.