காலையில் மட்டும் வரும் கோளாறு

மெக்கானிக்: இன்னொரு தடவை பாஸ்வேர்டு போடுங்கம்மா.

கிளார்க்: போட்டுட்டேண்ணே.

மெக்கானிக்: ம்… மூணே செகண்ட். உள்ளே போயிருச்சு.

கிளார்க்: இப்போ போகும். காலைல வந்து பாத்திருந்தா தெரியும். ஒவ்வொருத்தருக்கும் இருபது நிமிஷம்… சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு.

மெக்கானிக்: நாலு நாளா இதே கதைதான். நான் படியேறி வர்றதுக்குள்ள சரியாயிடுது.

கிளார்க்: உங்களைக் கண்டா அதுக்குப் பயம்.

மெக்கானிக்: என் வீட்டு நாய்கூட என்னைக் கண்டு பயப்படுறதில்ல. கொஞ்சம் தண்ணி குடுங்க.

கிளார்க்: இந்தாங்க. முகமே வாடிப்போயிருக்கு. சாப்பிட்டீங்களா?

மெக்கானிக்: அதை விடுங்க. எல்லா மெஷினையும் இணைக்கிற ஸ்விட்ச் பெட்டியை மாத்தியாச்சு. பன்னிரண்டு மெஷினையும் குடைஞ்சாச்சு. உங்க மேனேஜர் என்ன சொல்றார்?

கிளார்க்: இது சரியாகுற வரைக்கும் யாருக்கும் லேட் மார்க் போட வேண்டாம்னுட்டார். கம்ப்யூட்டருக்குள்ள போற நேரம்தானே எங்களுக்கு அட்டெண்டன்ஸ்…

மெக்கானிக்: சரி, என்னைப் பத்தி?

கிளார்க்: நேத்து உங்க கம்பெனிக்குப் போன் போட்டு கத்தினார். வேற ஆளை அனுப்புங்கன்னு… அனுப்பிடுவாங்களாண்ணே?

மெக்கானிக்: கத்துறவர் கத்தட்டும். இன்னைக்கு ஒண்ணு கண்டுபிடிச்சேன். நீங்க பாஸ்வேர்டு போட்டா, 'இவங்களை உள்ளே விடலாமா'ன்னு உங்க மெஷின் ஸ்டோர் ரூம்ல இருக்கிற சர்வரைக் கேக்கும். அது வாயத் திறக்கலைன்னா, காத்துக் காத்துப் பாத்துட்டு, எங்கேயோ இருக்கிற தலைமை ஆபீஸைக் கேக்கும். அதான் இருபது நிமிஷம்.

கிளார்க்: அப்படியா…

மெக்கானிக்: இந்த மெஷின்லேருந்தே அந்த சர்வரோட பதிவைத் தோண்டிப் பாத்தேன். தினமும் சாயந்திரம் அஞ்சு முப்பத்தஞ்சுக்கு ஒயர் கழண்டிருக்கு. காலைல ஒன்பது நாப்பதுக்குத் திரும்ப மாட்டியிருக்கு.

கிளார்க்: எலி… எலியா இருக்குமோ?

மெக்கானிக்: ஆபீஸ் நேரம் பாத்து ஒயரைக் கழட்டி, திரும்ப மாட்டிட்டும் போகுதா எலி? ஸ்டோர் ரூம் சாவி யார்கிட்டம்மா இருக்கு?

கிளார்க்: இன்னும் கொஞ்சம் தண்ணி வேணுமாண்ணே?

மெக்கானிக்: கேக்குறேன்ல.

கிளார்க்: என்கிட்டதாண்ணே.

மெக்கானிக்: ஓஹோ.

கிளார்க்: ரெண்டு லேட் மார்க் ஆயிடுச்சுண்ணே. மூணாவது விழுந்தா வீட்டுக்குப் போன்னுடுவாங்க. வீட்டுக்காரர் இடுப்பொடிஞ்சு படுத்த படுக்கையா கிடக்கார். நாத்தனார் நைட் டியூட்டி முடிஞ்சு வந்தாத்தான் நான் கிளம்ப முடியும். ஒன்பது மணி ஆபீஸுக்கு ஓடி வந்தாலும் ஒன்பது இருபது ஆயிடுது…

மெக்கானிக்: அதுக்கு?

கிளார்க்: போன வாரம் ஸ்டோர் ரூமைப் பெருக்கும்போது சர்வர் ஒயர் தானா கழண்டுச்சு. அன்னைக்கு யாருக்குமே லேட் போடல. அப்புறம்தான்… நானே…

மெக்கானிக்: நாலு நாள்மா! வயசாயிடுச்சு, மூளை மழுங்கிப்போச்சுன்னு என்னை நானே திட்டிக்கிட்டேன். பொண்டாட்டிகிட்டகூட அப்படித்தான் சொன்னேன்.

கிளார்க்: மன்னிச்சிடுங்கண்ணே. உங்க தலையில வந்து விடியும்னு சத்தியமா நினைக்கல.

மெக்கானிக்: அந்தப் பையை இப்படிக் குடுங்க.

கிளார்க்: திட்டுங்கண்ணே. இப்படிக் கிளம்பிடாதீங்க.

மெக்கானிக்: திட்டி என்ன ஆகப் போகுது…

கிளார்க்: இருங்க, மேனேஜர்கிட்ட இப்பவே போய்ச் சொல்லிடறேன். என் வேலை போனா போகட்டும். உங்களை மாத்த வேண்டாம்னு அவரே போன் பண்ணிச் சொல்லட்டும்.

மெக்கானிக்: உக்காருங்கம்மா.

கிளார்க்: இல்லண்ணே, என்னால ஒருத்தர் பொழைப்பு…

மெக்கானிக்: உக்காருங்கன்னு சொல்றேன்ல. நேத்து சாயந்திரமே கம்பெனில என்னை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. என் தப்பா, இல்லையான்னு தெரியாம வீட்ல இருப்பு கொள்ளல… அதான் நானா பஸ் ஏறி வந்தேன். இப்போ நீங்க போய்ச் சொல்லி ரெண்டு பேருமா வீட்ல உக்காரணுமா? மத்தியானம் புது ஆள் வர்றான். அவனுக்கும் குழந்தை குட்டி இருக்கு. இனிமே அந்த ஒயர்ல கை வைக்காதீங்க.