குட்டிமா என்று ஒரு செடி

“இந்தச் செடிக்குத் தண்ணி ஊத்தறது யாருங்க?” என்று செடிக்கடைக்காரர் கேட்டார். தான் விற்ற ஆர்க்கிட் செடி எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தவர், தொட்டியைத் தூக்கி வேர்களை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“நான்தான்,” என்றாள் அக்கா. உடனே சிரித்துவிட்டாள். “சரி, பொய் எதுக்கு, அவதான். நான் கொஞ்சறதோட சரி.”

“கொஞ்சறதுக்கு நீங்க, குளிப்பாட்டறதுக்கு தங்கச்சியா? நல்லாத்தான் பிரிச்சிருக்கீங்க.”

செடியை நான் நன்றாகவே வளர்த்தேன். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். பொறாமையில் அதை ஏதோ செய்துவிட்டேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மழைக்காட்டில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளர்கிற செடி அது. மண் ஆகாது. மரப்பட்டைத் துண்டும் கரியும் போட்டு வைத்திருந்தோம். வேர் வெளுத்தால் தாகம் என்று அர்த்தம், நனைத்தால் பச்சையாகிவிடும். இலைகள் சேரும் குருத்தில் தண்ணீர் தங்கினால் அழுகிப்போகும். ஒவ்வொரு முறையும் துணி நுனியால் ஒற்றி எடுப்பேன். ஒற்றாமல் விட்டிருந்தாலே செத்திருக்கும். ஆனால் செத்தால் அக்கா அழுவாள், அழுது முடித்ததும் இன்னொன்று வாங்கி வருவாள். அவளாகவே அதை வீட்டைவிட்டு அனுப்ப வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். ஒருநாள், இனிமேல் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றேன். “சரி விடு குட்டிமா. நான் சம்பாதிக்கறேன், நீ வீட்டப் பாத்துக்க,” என்றாள் அக்கா. அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே “குட்டிமா” என்று கூப்பிடுவாள். நான் வளர்ந்த பிறகும் அதை நிறுத்தவில்லை.

பிறகு அந்தச் செடி வந்தது. பூத்தது. வெளிர்பச்சை இதழ், நடுவில் கத்தரிப்பூ நிறம். வெயில் ஏற ஏற, எலுமிச்சைத் தோலைக் கிள்ளியது போன்ற வாசனை அறை முழுக்க நிற்கும். ஒரு சாயங்காலம் அக்கா “குட்டிமா” என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். அவள் ஜன்னல் பக்கம் குனிந்திருந்தாள்.

“உன்னை இல்லடி, இவளை.”

அதற்காக நான் கோபப்படவில்லை.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு. பழைய பஞ்சு என்றால் ஆகவே ஆகாது. அதனால்தான் அம்மா பஞ்சுத் தலையணைகளைப் பரணில் போட்டுவிட்டு ஃபோம் வாங்கினாள். நான் பரணில் ஏறி ஒன்றைப் பிரித்தேன். கறுத்த பஞ்சில் ஒரு கைப்பிடி எடுத்து, அக்காவின் தலையணை உறைக்குள் மெல்லியதாகப் பரப்பினேன். உறையைத் துவைப்பதும் மாட்டுவதும் நான்தான்.

வேலை விட்டு வந்ததும் அக்கா சற்று நேரம் படுப்பாள். இழுப்பு தொடங்கியது.

“அந்தப் பூவோட வாசனை ஒத்துக்கலையோ என்னவோக்கா.”

“போடி, பாவம், அவ என்ன பண்ணுவா?”

செடியைச் சமையலறை ஜன்னலுக்கு மாற்றினாள். நான் இன்னொரு கைப்பிடி சேர்த்தேன்.

மூச்சுக்குத் தவிக்கும்போது அவள் என் தோளில் சாய்ந்துகொள்வாள். நான் முதுகைத் தடவிக்கொடுப்பேன். அப்போது செடியின் நினைப்பே அவளுக்கு வராது. நாங்கள் முன்போலவே இருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இன்ஹேலரை எடுத்து உப்பு ஜாடிக்குப் பின்னால் வைத்தேன். தேடிக் கண்டுபிடித்துக் கொடுப்பது நானாக இருக்க வேண்டும், வேறு எண்ணம் இல்லை. கொஞ்சம் அதிக நேரம் தேடிவிட்டேன். அவள் உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, “நல்லவேளை, தங்கச்சி கூட இருந்தா,” என்றார். அக்கா என் கையை விடவே இல்லை.

வீடு திரும்பியதும் செடிக்கடைக்காரரை வரச்சொல்லி, செடியைக் கொடுத்தாள்.

“எனக்கு உடம்பு தேறட்டும், வந்து எடுத்துக்கறேன்.”

“பொண்ணக் கட்டிக்குடுத்து அனுப்பற மாதிரி அழறீங்களே. பத்திரமா இருப்பா, போங்க.”

நான் நினைத்தது நடந்துவிட்டது. அன்றைக்கே பஞ்சை உதறிப்போட உறையைக் கழற்றினேன். அப்போதுதான் அவள் சொன்னது உறைத்தது. உடம்பு தேறினால் செடி திரும்பி வந்துவிடும். உறையை மறுபடி மாட்டினேன்.

பூ இல்லாத வீட்டிலும் இழுப்பு வந்துகொண்டிருந்தது. அக்கா யோசித்திருக்க வேண்டும். நான் கடைக்குப் போய்விட்டு வந்தபோது கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கறுத்த பஞ்சு.

“இது என்னடி?”

“பஞ்சுக்கா.”

கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். இன்ஹேலரைப் பற்றி அவள் கேட்கவில்லை, அதையும் நானே சொன்னேன். அக்காவிடம் நான் எதையும் மறைத்ததில்லை.

அவள் எழுந்து தன் துணிகளை எல்லாம் பெரிய பைக்குள் அடைத்தாள். இன்ஹேலரைத் தானே தேடி எடுத்துக்கொண்டாள். இனி அவளுக்கு உடம்பு தேறிவிடும், செடியை எடுத்துவரத்தான் கிளம்புகிறாள் என்று நினைத்தேன். வந்ததும் வைக்க வசதியாக இருக்குமே என்று ஜன்னல் விளிம்பை ஈரத்துணியால் துடைக்கத் தொடங்கினேன். அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.