மேசைக்கடியில் ஒரு சுவிட்ச்

முத்தியால்பேட்டையில் மத்தியானம் கடையைச் சாத்தினால் நாலு மணி வரை பாதிப்பேர் திறக்க மாட்டார்கள். ஒலிப்பதிவுக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஹார்ன் சத்தம் குறைந்துவிடும், கீழே இருக்கும் வெல்டிங் பட்டறைக்காரரும் சாப்பிடப் போய்விடுவார். எங்கள் ஸ்டுடியோவை இந்த மாடியில் போட்டதற்கு அதுவும் ஒரு காரணம். எங்கள் என்றால் நானும் ராஜ்கமலும். என் பெயர் வெற்றிச்செல்வன். அவன் என்னைவிட ஆறு வயது இளையவன், அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

நான் செய்ததைச் சொல்வதற்கு முன் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு பாட்டைக் கீழே நின்று தாங்குவது டிரம்ஸில் காலால் மிதித்து அடிக்கும் கிக்கும் பேஸ் கிட்டாரும். இரண்டும் சேர்ந்து ஸ்பீக்கரைத் தள்ளினால் சத்தம் நெஞ்சில் வந்து மோதும். ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரே வண்டியை இரண்டு பேர் எதிரெதிரே நின்று தள்ளுகிற மாதிரி. இந்தத் திசைக்குத்தான் போலாரிட்டி என்று பெயர். ஒன்றைத் திருப்பிப் போட்டு, இன்னொன்றை இம்மியளவு நகர்த்தினால் போதும், வால்யூமைத் தொடாமலே பாட்டுக்கு உடம்பு வந்துவிடும்.

நோணாங்குப்பம் படகுத்துறையில் படம்பிடித்த ஒரு ஆல்பம் பாட்டுக்கு, பதினோரு நாள் உட்கார்ந்து இப்படிச் சரிசெய்தேன். பாட்டு நன்றாக ஓடியது. சென்னையிலிருந்து ஒரு இசையமைப்பாளர் தேடிக்கொண்டு வந்தார். பேஸ் இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே, யார் செய்தது என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்றான் ராஜ்கமல். அவர் பார்வை என் பக்கம் திரும்பியதும், "இவரு நம்ம அண்ணன். கேபிள்லாம் சுத்தி வெப்பாரு" என்றான்.

அப்போது என் கையில் ஒரு கேபிள் இருந்தது உண்மைதான். நான் சண்டை போடவில்லை. வந்தவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். ஆனால் வயிறு எரிந்தது, அதை மறைக்க ஒன்றுமில்லை. நாலு வருஷம் ஆகிறது, இன்னும் எரிகிறது.

அந்த இசையமைப்பாளர் ராஜ்கமலுக்குத் தொடர்ந்து பாட்டு அனுப்ப ஆரம்பித்தார். எங்கள் மேசைக்கடியில், கீழ்ச் சத்தத்துக்கென்றே ஒரு பெரிய சப்வூஃபர் இருக்கிறது. அதன் முதுகில் விரல்நுனி அளவுக்கு ஒரு போலாரிட்டி சுவிட்ச். அதைத் திருப்பிவிட்டால் மேலே இருக்கும் ஸ்பீக்கர்களும் கீழே இருக்கும் இதுவும் மோதிக்கொள்ளும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கிக் சத்தம் காய்ந்த ஓலையில் தட்டுவதுபோல் கேட்கும். ராஜ்கமல் உட்காரும்போது திருப்பினேன், எழுந்ததும் பழையபடி வைத்தேன். கேபிள் சுற்றுகிறவன் மேசைக்கடியில் குனிந்தால் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

பேஸ் போதவில்லை என்று அவன் ஏற்றிக்கொண்டே போனான். அவன் அனுப்பிய பாட்டெல்லாம் வெளியே காரில் போட்டால் கண்ணாடி அதிர்ந்தது. மூன்றாவது பாட்டும் திரும்பி வந்த பிறகு அவனுக்குச் சந்தேகம் வந்தது. புத்திசாலிதான், சரியான இடத்தில்தான் சந்தேகப்பட்டான்.

"அண்ணே, சப் போலாரிட்டி மாறிப் போச்சா பாரு."

குனிந்தேன். திருப்பி வைத்த சுவிட்சைப் பார்த்துக்கொண்டே, "சரியாத்தாண்டா கீது" என்றேன்.

அவனே குனிந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. என் பேச்சில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. "அப்ப எனக்குத்தான் கேக்கலியா? உனக்கு பேஸ் கேக்குதாண்ணே?" என்றான். நன்றாகக் கேட்கிறது என்றேன். அவன் முகம் வெளுத்ததைப் பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஹெட்போனில் சரியாகக் கேட்கிறதே என்று ஒருநாள் சொன்னான். காதோடு ஒட்டி வைத்தால் யாருக்கும் கேட்கும் என்றேன். ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்து, குறை ஒன்றுமில்லை என்ற சீட்டோடு வந்தான். அந்த மெஷின் பேச்சு கேட்கிறதா என்று பார்க்கிற மெஷின், கிக்கும் பேஸும் இருக்கிற அளவுக்குக் கீழே அது இறங்காது என்றேன். இதில் பொய் அதிகம் இல்லை. சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். எட்டு மாதத்தில் தொழிலை விட்டான். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நானும் கொஞ்சம் அழுதேன்.

சேதராப்பட்டில் தகரம் அடிக்கும் பிரஸ்ஸில் வேலை கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் பார்த்தபோது, அந்தச் சத்தம் எப்படித் தாங்குகிறாய் என்று கேட்டேன். "காதுல வெக்க பஞ்சு மாதிரி ஒண்ணு குடுக்கறாங்கண்ணே. நான் வெக்கறதில்ல. போன காதுக்கு எதுக்குக் காவல்?" என்றான்.

அப்போது நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். டீ ஆறிக்கொண்டிருந்தது, குடித்தேன். அதன்பிறகும் இரண்டு வருஷம் மாதம் ஒருமுறையாவது சந்தித்தோம். ஒவ்வொரு முறையும் நான் கொஞ்சம் உரக்கப் பேச வேண்டியிருந்தது.

போன வியாழக்கிழமை அவன் மனைவி சரிதா அவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு காதும் போய்விட்டது. பிரஸ் சத்தத்தால் வந்த கேடு என்று டாக்டர் எழுதியிருக்கிறார்.

"நஷ்டஈடு கேட்டா கம்பெனில இது பழைய கோளாறுன்னு கைய விரிக்கறாங்கண்ணே. உங்களாண்ட வேலை செஞ்சப்ப காது நல்லாத்தான் இருந்துச்சுன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. ரெண்டு பசங்கள வெச்சுக்கினு நான் எங்க போவேன்" என்றாள்.

ராஜ்கமல் எங்கள் வாயையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் காகிதம் எடுத்து, என்னுடன் பணிபுரிந்த காலத்திலேயே அவருக்குச் செவித்திறன் குறைந்திருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சரிதா படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. அவன் காகிதத்தை அவள் கையிலிருந்து வாங்கி மெதுவாகப் படித்தான்.

"அண்ணன் உள்ளதத்தான் எழுதிக்கீறாரு. அவுரு பொய் சொல்ல மாட்டாரு, வா" என்று மனைவியைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினான்.

அந்தக் காது நல்ல காது. இந்த ஊரில் நான் பார்த்ததிலேயே நல்ல காது. அதைப் பறித்தது பிரஸ் அல்ல, நான். ஆனால் அதை அந்தக் காகிதத்தில் எழுதியிருந்தால் அவன் என்ன ஆகியிருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். காரணமே இல்லாமல் தொழிலை விட்டேனே என்று காலமெல்லாம் நொந்து சாவான். பழி தீர்த்ததோடு சரி, அதற்கு மேல் ஒருவனை வதைக்கிற சுபாவம் எனக்குக் கிடையாது.